தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன் விளையாடப் போகலாமா?



தாயை இழந்த பிள்ளையைப் பார்த்தால் ஊரே இரக்கப்படுகிறது. ஒரு வாய் சோறு ஊட்ட நாலு பேர் வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் தகப்பனை நாம் என்ன கேட்கிறோம்? "அடுத்த கல்யாணம் எப்போ?" என்று ஒருவர் கேட்கிறார். "பிள்ளைங்களை இங்கே கொண்டாந்து விட்டுடேன்" என்று இன்னொருவர் சொல்கிறார். அவர் எப்படித் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று விசாரிப்பவர்கள் குறைவு. அவர் கொஞ்ச நேரம் விளையாடப் போய்விட்டாலோ, "பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா, இவனுக்கு ஆட்டம் கேக்குதா?" என்று பேச்சு எழுந்துவிடுகிறது.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன் தனக்குப் பிடித்த விளையாட்டை விட்டுவிட வேண்டுமா? விடாமல் இருந்தால் பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் கெடுதல் வராமல் எப்படிப் பார்த்துக் கொள்வது? ஒரு குடும்பக் கதையாகச் சொல்கிறோம். ஆட்கள் கற்பனை. பிரச்சினை கற்பனை அல்ல.

பெருங்குடித் தம்பி

திருப்போரூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அண்ணனும் அண்ணியும் பயிர் வைத்து, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறார்கள். தம்பி இருப்பது சென்னைப் பெருங்குடியில். பெருங்குடியும் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த கிராமந்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனிகள் வந்த பிறகு மாறிப்போயிற்று. 2011-ஆம் வருஷம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

தம்பி அங்கே ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஏ.சி. மெக்கானிக். மாதம் ரூ. 28,000 சம்பளம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5. இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி நோய் கண்டு தவறிவிட்டார்.

தம்பிக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஒரே ஒரு ஆசை, கோல்ப். சின்ன வயசில் வேளச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது, லீவு நாட்களில் கிண்டித் திடலில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கி நாலு காசு சம்பாதித்தவர். அந்த வேலை செய்பவரைக் 'கேடி' என்பார்கள். நம் ஊர்க் கேடி அல்ல! பை தூக்கிய இடத்தில் பார்த்துப் பார்த்துத் தானும் ஆடக் கற்றுக் கொண்டார்.

கோல்ப் என்றால் என்ன?

சின்ன, கெட்டியான வெள்ளைப் பந்து ஒன்று. எடை 46 கிராமுக்குள். அதை மட்டையால் அடித்து அடித்து, தூரத்தில் புல்தரையில் இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நம் சாண் கணக்கில் அரைச் சாண் இருக்கும். யார் குறைந்த அடியில் தள்ளுகிறாரோ அவருக்கு ஜெயம். முழு ஆட்டத்துக்கு 18 குழி. நடந்து முடிக்க நாலு, ஐந்து மணி நேரம் ஆகும். ஏழெட்டு கிலோமீட்டர் நடை.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டம் இது. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வைத்துவிட்டார்கள். நம் கொடைக்கானலில் 1895-இல் வந்தது. ஏக்கர் கணக்கில் நிலம், புல்லுக்குத் தண்ணீர், பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டியிருப்பதால் செலவு அதிகம். அதனால்தான் பணக்காரர் ஆட்டம் என்று பெயர்.

ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இதில் பேர் வாங்கியிருக்கிறார்கள். டில்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டம் ஜெயித்தார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை எடுத்தார். கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன் சௌரசியா 2016, 2017 இரண்டு வருஷமும் ஜெயித்தார்.

இதைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. அவர்களுக்கு ஆட்டமே பிழைப்பு. நம் தம்பிக்கு அது பொழுதுபோக்கு. பிழைப்புக்குப் போடும் கணக்கு வேறு, பொழுதுபோக்குக்குப் போடும் கணக்கு வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிறு விடியற்காலை, பழகிய பெரியவர் ஒருவர் கூப்பிட்டார் என்று தம்பி ஆடக் கிளம்பினார். பையனுக்கு ராத்திரியே உடம்பு லேசாகச் சுட்டது. "ஒன்பது மணிக்குள்ள வந்துடுவேன், தம்பியப் பாத்துக்கம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆட்டம் நீண்டது. போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டரை.

பையனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மகள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அன்று காலையில்தான் அவள் வயசுக்கு வந்திருந்தாள். யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு மணி நேரம் பயந்துபோய் இருந்திருக்கிறாள்.

பையனை டாக்டரிடம் காட்டினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார், இரண்டு நாளில் சரியாயிற்று. ஆனால் தகப்பன் மனசு உடைந்துவிட்டது. அன்று இரவே ஊருக்குப் போன் போட்டார். "அண்ணே, மட்டையெல்லாம் வித்துடப் போறேன். பிள்ளைங்களை நீயே வந்து கூட்டிக்கினு போயிடு. என்னால முடியல."

அண்ணனும் அண்ணியும் பேசிக் கொண்டது

மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுப் பார்வைக்கு வந்தபோது அண்ணன் கோபமாக இருந்தார்.

"நீங்களே சொல்லுங்க நர்ஸம்மா. ரெண்டு பிள்ளைய விட்டுட்டு இவனுக்கு இன்னா பந்தாட்டம்? மட்டைய வித்துத் தொலைக்கட்டும். பிள்ளைங்க இங்க வரட்டும்."

அண்ணி குறுக்கிட்டார். "ஏங்க, நீங்க மட்டும் சாயங்காலமானா கைப்பந்து ஆடப் போறதில்லையா? அந்த நேரம் நான் வீட்டுல இருக்கேன், அதனால யாரும் உங்களக் கேக்கல. தம்பிக்கு வீட்டுல ஆளில்ல, அதான் விஷயம்."

நர்ஸம்மா சிரித்தார். "அக்கா சரியாப் பிடிச்சாங்க. அண்ணே, அவர் வேலைக்குப் போன நேரத்துல பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இதேதான் ஆகியிருக்கும். வேலைய விடச் சொல்லுவீங்களா? ஆட்டத்த வித்தா இந்தக் குறை தீராது. வீட்டுல ஆள் ஏற்பாடு இல்லாததுதான் குறை. அத மொதல்ல சரி பண்ணணும்."

"பிள்ளைங்க இங்க வந்தா?"

"நல்லாப் பாத்துக்குவீங்க, தெரியும். ஆனா அம்மா போயிட்டா. இப்ப அப்பாவையும் விட்டுப் பிரிஞ்சா, ரெண்டு பேரையும் இழந்த மாதிரி ஆயிடும். இஸ்கோலும் மாறணும், சிநேகிதங்களும் மாறணும். லீவுக்கு வரட்டும். இருக்கிறது அப்பாகூட இருக்கட்டும்."

அண்ணனும் அண்ணியும் அந்த வாரமே பெருங்குடிக்குப் போனார்கள். தம்பியோடு உட்கார்ந்து கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்தார்கள். உங்கள் உறவிலும் இப்படி ஒரு தகப்பன் இருந்தால் இவை பயன்படும். கோல்ப் என்று இருக்கும் இடத்தில் கைப்பந்து, கபடி, கேரம், பஜனை என்று எதை வைத்துப் பார்த்தாலும் முறை ஒன்றுதான்.

1. ஆள் ஏற்பாடு

முதலில் பெரியவர் ஒருவர். மேல்வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவிடம் அண்ணியே போய்ப் பேசினார். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் பிள்ளைகள் அவர் வீட்டில். கைமாறாகத் தம்பி அவர் வீட்டு மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பார், ரேஷன் வாங்கித் தருவார். காசு கைமாறவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கடமை உண்டு, அதனால் ஏற்பாடு நிலைக்கும்.

அந்த அம்மா ஊருக்குப் போனாலோ, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலோ அன்று ஆட்டம் இல்லை. இதில் பேரமே கூடாது.

மூத்த பெண்ணைக் காவல் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பதினொரு வயசுப் பெண் தம்பிக்கு அக்காவாக இருக்கலாம், அம்மாவாக ஆக முடியாது. வெளியில் பூட்டிவிட்டுப் போவது இன்னும் ஆபத்து.

போன் சட்டைப் பையில் அதிரும்படி வைத்திருக்க வேண்டும். "வீட்டிலிருந்து கூப்பிட்டால் பாதியில் போய்விடுவேன்" என்று கூட ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்ல ஆட்டக்காரர் யாரும் கோபிக்க மாட்டார்.

2. நேரக் கணக்கு

18 குழி ஆட்டம், போக வர நேரம் எல்லாம் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். ஆகவே முழு ஆட்டம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிள்ளைகள் லீவுக்கு ஊரில் இருக்கும்போது. மற்ற நாட்களில் காசு கட்டி, நின்ற இடத்திலிருந்தே பந்து அடித்துப் பழகும் பயிற்சித் திடல் போதும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் மாதத்துக்கு இரண்டு தடவை.

"ஒன்பது மணிக்கு வருவேன்" என்று சொன்னால் ஒன்பதுக்கு வர வேண்டும். தாயை இழந்த பிள்ளைக்கு, போனவர் திரும்பி வருவாரா என்ற பயம் உள்ளுக்குள் இருக்கும். அரை மணி தாமதம் நமக்கு ஒன்றுமில்லை. வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பெரிசு.

3. பணக் கணக்கு

தம்பியின் ஒரு மாதக் கணக்கை அண்ணி நோட்டில் எழுதினார்:

வீட்டு வாடகை ரூ. 9,000
அரிசி, பருப்பு, பால், காய்கறி, கேஸ் ரூ. 8,500
பிள்ளைகள் படிப்பு ரூ. 2,500
கரண்ட், போன் ரூ. 1,200
வேலைக்குப் போக வர ரூ. 1,800
ஊரில் அம்மாவுக்கு ரூ. 1,500
தபால் ஆபீஸ் சேமிப்பு ரூ. 2,000
மருந்துக்கு ஒதுக்கியது ரூ. 700
மொத்தம் ரூ. 27,200. மீதி ரூ. 800.

அந்த 800 ரூபாயில் பாதி அப்பாவின் ஆட்டத்துக்கு, பாதி பிள்ளைகளின் ஆசைக்கு. திருவான்மியூர் கடற்கரை, கிண்டிச் சிறுவர் பூங்கா, ஐஸ்கிரீம், கதைப் புத்தகம், எதுவானாலும் அவர்கள் இஷ்டம். அப்பாவுக்கு 400 என்றால் பிள்ளைகளுக்கும் 400. இதில் அப்பா கைவைக்கக் கூடாது.

முன்பெல்லாம் தம்பி சில மாதம் சேமிப்பிலிருந்து எடுத்து ஆட்டத்துக்குச் செலவு செய்திருக்கிறார். இனி மூன்று விதி. சேமிப்பைத் தொடக் கூடாது. கடன் வாங்கி ஆடக் கூடாது. பந்தயம் கட்டி ஆடவே கூடாது. மாதம் நடுவில் மருந்துச் செலவு வந்தால் முதலில் நிற்பது ஆட்டம்.

செலவைச் சுருக்கவும் வழி உண்டு. பையில் 14 மட்டை வரை வைத்துக் கொள்ளலாம் என்பது ஆட்ட விதி. 14-ம் வேண்டும் என்பது விதி அல்ல. ஐந்தாறு மட்டை போதும். தம்பி மீதியை விற்றுப் பணத்தைப் பிள்ளைகள் பேரில் போட்டார். புதுப் பந்துக்குப் பதில் பொறுக்கி எடுத்து விற்கும் பழைய பந்து வாங்குகிறார். வீட்டுக் கோரைப் பாயில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகுகிறார். இதற்குக் காலணாச் செலவில்லை. இப்போது இதில் அப்பாவை ஜெயிப்பது மகன்தான்!

ஓர் எச்சரிக்கை. இந்தப் பந்து கல்லைப் போல் கெட்டி. மட்டை வீசும் வட்டத்துக்குள்ளோ, பந்து போகும் திசையிலோ பிள்ளையை நிற்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகும். கிட்டிப்புள்ளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

4. தகப்பன் தெரிந்து கொள்ள வேண்டியவை

அண்ணி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் புடவைக்கு அடியில் இருந்தன. தாய் பத்திரமாக வைத்திருக்கிறாள். தகப்பனுக்கு அது இருப்பதே தெரியாது! மகளுக்கு 10 வயதில் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி விட்டுப் போயிருந்தது. மகனுக்கு 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊசிக்கு நாள் வந்திருந்தது. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் போட்டார்கள். மகளுக்கு 16 வயதில் இன்னொரு ஊசி உண்டு.

காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அடிக்கடி நீர் ஆகாரம் கொடுங்கள். பாராசிட்டமால் மருந்தை டாக்டரோ நர்ஸோ எடை பார்த்துச் சொன்ன அளவில் கொடுங்கள். வலிப்பு, மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், தண்ணீர்கூடக் குடிக்காமை, விடாத வாந்தி, ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதம் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. ஆம்புலன்சுக்கு 108. உடல்நல ஆலோசனைக்கு 104. பிள்ளைகள் ஆபத்தில் தாங்களே கூப்பிட 1098. இந்த எண்களையும், பெரியப்பா, மேல்வீட்டு அம்மா எண்களையும் சுவரில் பெரிசாக எழுதி ஒட்டினார்கள்.

காலை அவசரத்துக்கும் உதவி இருக்கிறது. அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவு கொடுக்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. சத்துணவு 1982 முதலே இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. மகளிடம் பேசுவது

அண்ணி மகளைத் தனியே அழைத்துப் பேசினார். பிறகு தம்பியையும் கூப்பிட்டார். "இத பெரியம்மா மட்டும் தெரிஞ்சிக்கினா போதாது. மாசா மாசம் நான் வர முடியுமா? நீங்களும் தெரிஞ்சிக்கோங்க தம்பி. கூச்சப்படாதீங்க."

தகப்பன் தெரிந்து கொள்ள வேண்டியது அதிகமில்லை. மாதவிலக்கு நோய் அல்ல, தீட்டு என்று ஒதுக்கி வைக்க வேண்டியதும் அல்ல. நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கீரை, முட்டை, பயறு, வேர்க்கடலை தர வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும். மளிகைச் சாமான் பட்டியலில் நாப்கினும் ஒன்றாக இருக்கட்டும். மகள் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது.

மஞ்சள் நீராட்டு விழா பற்றியும் பேச்சு வந்தது. மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டும் என்றார்கள் சிலர். தாய்மாமனையும் நெருங்கின சொந்தத்தையும் அழைத்து வீட்டோடு முடித்தார்கள். கடன் வாங்கிச் செய்திருந்தால், தம்பியின் பல வருஷத்து ஆட்டச் செலவு ஒரே நாளில் போயிருக்கும்! ஆட்டத்தை வீண் செலவு என்று திட்டிய வாய் அதைச் சொல்லியிருக்காது.

கேள்வியும் பதிலும்

கேள்வி: தனித் தகப்பனுக்கு லீவு உண்டா?
பதில்: மத்திய அரசு ஊழியராக இருந்தால், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கும் பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. இது 2018-இல் வந்தது. தனியார் கம்பெனியில் இருப்பவர் மேலாளரிடம் நிலைமையை மனம் விட்டுச் சொல்வது நல்லது.

கேள்வி: ஆட்டம் உடம்புக்கு நல்லதா?
பதில்: பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடக்கவோ விளையாடவோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விளையாட்டு மனப் பாரத்தையும் குறைக்கும். ஆனாலும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால் ஆட்டம் மட்டும் போதாது. டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி: மறுமணம்?
பதில்: அது அவர் இஷ்டம். பிள்ளைகளிடமும் பேசி, அவசரமில்லாமல் முடிவு செய்ய வேண்டும். சமைக்க ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்யும் கல்யாணம் யாருக்கும் நல்லதல்ல.

இருவராக இருக்கும்போதே

தம்பதிகளே! இதைச் சொல்வதை அபசகுனமாக எண்ண வேண்டாம். இன்று நீங்கள் இருவராக இருக்கிறீர்கள். நூறு வருஷம் அப்படியே இருங்கள். ஆனால் ஒருவர் ஊரில் இல்லாத நாள் எல்லா வீட்டிலும் வரும்.

ஆகவே ஆண்களே, தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது, பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மகளின் வாத்தியார் யார் என்று இன்றே மனைவியிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஒரு சோறு, ஒரு ரசம் வைக்கக் கற்றுக் கொள்ளுங்கள். பெண்களே, பாங்கு பாஸ்புத்தகம், நிலப் பட்டா, கடன் பாக்கி விவரத்தைக் கணவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் அண்ணன் கைப்பந்து ஆடக் கிளம்பினார். வாசல் வரை போனவர் நின்றார். "ஆமா, நீ எங்கயும் போறதில்லியே?" என்று மனைவியைக் கேட்டார். "பதினாலு வருஷம் கழிச்சிக் கேக்கறீங்களே!" என்றார் அண்ணி. இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டைக் கட்டிப் பால் கறப்பது அண்ணன். அண்ணி கோயில் மண்டபத்தில் சிநேகிதிகளோடு கோலாட்டம் பழகுகிறார்.

பெருங்குடித் தம்பி இப்போதும் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டையைத் தூக்கிக் கொண்டு போகிறார். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்துவிடுகிறார்.

மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். படித்தபின் இந்த ஏட்டை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.